குள்ளர் கதைக்குக் கொங்கு மண் போதாதா?

வெள்ளகோவில், தை 18

குள்ளர், சுரங்கம், புதையல் என்று சாகச நாவல் எழுத உட்காரும் தமிழ் எழுத்தாளர் முதலில் டோல்கீனைத்தான் புரட்டுகிறார். அந்த டோல்கீனோ, 1937-ல் வெளியான 'தி ஹாபிட்' நாவலின் குள்ளர்களுக்குப் பழைய நார்ஸ் கவிதையொன்றிலிருந்து பெயர் எடுத்தவர். பழங்கதைதான் வேர் என்றால் நம்மிடமும் உண்டு. பழனி மலையில் நிற்கும் கல்திட்டைகளைக் குள்ளர் வீடு என்பது மக்கள் வழக்கு. நான்கு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், சில இடங்களில் பக்கக்கல்லில் வட்டமாக ஒரு துளை. நிமிர்ந்து நிற்க முடியாத அறை. இதைக் கண்டவன் உள்ளே இருந்தவர்கள் குள்ளர்கள் என்று சொன்னது வெறும் கற்பனை இல்லை. கண்ணுக்கு எட்டியதை வைத்துப் போட்ட கணக்கு அது.

மேலைக் கதைகளில் குள்ளர் என்றால் கொல்லரும் மணிக்கல் தோண்டுபவரும்தான். இங்கேயும் அது பொருந்துவதுதான் விசேஷம். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல் அகழாய்வைத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கல் பட்டை தீட்டிய தடயங்களும் கிடைத்தன. அதே ஊரின் கல்லறை ஒன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள். காங்கேயத்துக்கு அடுத்த படியூரில் பச்சைக்கல் விளைந்தது. 1819-20 வாக்கில் வெள்ளைக்காரர் ஒருவரும் அங்கே தோண்டிப் பார்த்தார். ஆக, கொடுமணலில் கல்லறை கட்டியவர்களும் உலை ஊதியவர்களும் ஒரே சமூகத்து ஆட்கள். இதற்கு மேல் நாவலாசிரியருக்கு என்ன வேண்டும்?

தை 19

மறுப்புகள் உண்டு. கல்திட்டை ஈமச்சின்னம், செத்தவருக்கான அறை என்பதால்தான் சிறியது, குள்ளர் யாரும் இருந்ததில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் நாவல் தொல்லியல் அறிக்கை அல்ல. தன் உலகத்துக்குள் அது பிசகாமல் நின்றால் போதும். சுரங்கக் கதைக்கு மேட்டாங்காட்டில் பாதாளம் எங்கே என்று கேட்பது இன்னும் லேசான கேள்வி. இந்தப் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெடி வைத்துப் பிளந்து இறக்கியவை. சரியும் மண், ஆழத்தில் மூச்சை அடைக்கும் கெட்ட காற்று, புகைந்தும் வெடிக்காத தோட்டா என்று கிணறு வெட்டுகிறவர்கள் அஞ்சுகிற ஆபத்துகளுக்கு முன்னால் நெருப்புக் கக்கும் டிராகன் எடுபடாது.

என்னைத் தயங்க வைப்பது வேறொரு மறுப்பு. புதையல் கதை படித்துவிட்டுக் கடப்பாரையோடு ஈமக்குழியைச் சுற்றிய கல்வட்டத்துக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சிதைந்த ஈமக்காடுகள் நிறைய. அதற்காகக் கதையே கூடாது என்றால் ஒப்பமாட்டேன். குழிக்குள் பெரும்பாலும் இருப்பது பானையும் துருப்பிடித்த இரும்பும் மணியும்தான். அதையே எழுதலாம், தங்கக் குவியலைத் தேடி உள்ளே இறங்கும் நாயகன் கறுப்பு-சிவப்புப் பானை ஓட்டில் யாரோ கீறிவைத்த பெயரைப் படிக்கட்டும். கொடுமணல் ஓடுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஆட்பெயர்கள் கிடைத்திருக்கின்றன, அவற்றிலிருந்தே குள்ளர்களுக்குப் பெயர் வைத்துவிடலாம்.