மூடி திறக்காத பாட்டில்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தது. காய்ச்சல் நூற்றிரண்டு. டாக்டரம்மா அவளிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்ப?" என்று கேட்டார். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள்.

"வீட்ல இருந்தா குடிப்பேன். வெளிய போனா குடிக்கமாட்டேன்."

"ஏன்?"

"அம்மா குடிக்கமாட்டாங்க."

வீட்டுக்கு வந்து அவளுடைய பையை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளைக்கு முன்னால் குடும்பத்தோடு வேனில் திருச்செந்தூர் போய்விட்டு வந்திருந்தோம். கிளம்பும்போது நான் நிரப்பிக் கொடுத்த ஒரு லிட்டர் பாட்டில் அப்படியே இருந்தது. மே மாத வெயிலில் பதினாறு மணி நேரம் வெளியே இருந்திருக்கிறாள். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

அந்த வேனில் பதினாறு பேர் போனோம். கொழுந்தனார் பையனுக்கு மொட்டை. காலை நாலரைக்கு விளாத்திகுளத்தில் கிளம்பி, குளத்தூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, தூத்துக்குடி தாண்டி, திருச்செந்தூர் சேரும்போது எட்டு மணி ஆகிவிட்டது. நடுவில் நான்கு இடத்தில் வண்டி நின்றது. டீ குடிக்க, டயர் பார்க்க, சிகரெட்டுக்கு, காரணமே இல்லாமல். நின்ற இடத்திலெல்லாம் ஆண்கள் இறங்கி நாலு எட்டு நடந்து முதுகைக் காட்டி நின்றுவிட்டு வந்தார்கள். நாங்கள் எட்டுப் பெண்கள் வேனுக்குள்ளேயே இருந்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருந்ததாகவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது பயணத்துக்குத் துணி எடுத்துவைப்பது மாதிரி ஒரு வேலை. அதை நான் என் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். என் மகளுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கரிசல்காட்டில் கூலிக்கு மிளகாய்ப்பழம் பறித்தவள். காட்டில் நிழல் கிடையாது, மறைவும் கிடையாது. விடியும் முன்னால் ஒதுங்கிவிட்டுப் போனால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. எங்கள் பக்கத்தில் அந்த மறைவைக் கொடுத்தது சீமைக் கருவேலம். நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று எல்லோரும் வைகிற மரம். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் சோறு. அதை வெட்டி அழிக்கவேண்டும் என்று 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டபோது, ஊரெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். அம்மா மட்டும், "அப்ப பொம்பளைக எங்க போவாளுக?" என்று கேட்டாள். அது சுற்றுச்சூழல் தெரியாத பேச்சு என்று நானே அவளுக்குப் பாடம் நடத்தினேன். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லையா.

பிறகு பன்னிரண்டாயிரம் ரூபாய் மானியத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கழிவறை வந்தது. திறந்தவெளி மலம் கழிப்பு இல்லாத நாடு என்று 2019 அக்டோபர் 2ஆம் தேதி அறிவித்தும் ஆயிற்று. வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்குக் கட்டியிருக்கிறார்கள். வெளியே கிளம்பிய பெண்ணை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

மகளுக்குக் காய்ச்சல் விட்ட வாரம் டொரோண்டோவிலிருந்து சித்தி மகள் பேசினாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு டொரோண்டோவிலிருந்து வான்கூவர் வரை போய்வந்திருந்தார்கள். ஒரு வழிக்கே ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். நாடு முழுக்கக் குறுக்கே ஓடும் அந்த நெடுஞ்சாலையை 1962இல் திறந்தார்களாம். சுப்பீரியர் ஏரிக் கரையைத் தாண்டவே ஒன்றரை நாள் ஆயிற்று என்றாள். ஏரி என்று சொல்கிறார்களே தவிர அது நம்ம தூத்துக்குடிக் கடல் மாதிரிதான் இருந்தது என்றாள். தண்டர் பேயில் டெர்ரி ஃபாக்ஸ் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள். புற்றுநோயில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு 1980இல் நாட்டைக் குறுக்காக ஓடிக் கடக்கப் புறப்பட்ட பையன். 143 நாள் ஓடி, அந்த ஊர்ப் பக்கத்தில் முடியாமல் நிறுத்தியவன். அவள் மலையையும் கோதுமை வயலையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். நான் இடைமறித்துக் கேட்ட முதல் கேள்வி:

"ஒண்ணுக்கு எங்க போனீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "இதை நீதான் கேப்பேன்னு தெரியும்க்கா" என்றாள். ஊருக்கு ஊர் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக்கடை, பெட்ரோல் பங்க், அரசாங்கம் வைத்திருக்கிற ஓய்விடங்கள். ஆனால் ஏரிக்கு வடக்கே ஆளில்லாத காட்டில் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றும் இருக்காது. "அதுக்குத்தான் டிக்கில ஒரு பாட்டி வச்சிருந்தோம்."

"பாட்டியவா?"

அது சின்னக் குழந்தைகள் உட்காருகிற பிளாஸ்டிக் பாட்டி என்று புரிவதற்குள் நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அதில் அவளும் உட்கார்ந்தாளாம், காரின் இரண்டு கதவையும் திறந்து மறைத்துக்கொண்டு. "தண்ணி குடிக்காம எப்படிக்கா நாலு நாள் வண்டி ஓட்ட முடியும்?"

அவள்தான் ஓட்டினாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பாதி தூரம் அவர், பாதி தூரம் அவள். ஸ்டியரிங் அவள் கையில் இருந்தபோது அவளுக்கு வேண்டிய இடத்தில் வண்டி நின்றிருக்கிறது.

கனடாவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் கடந்துபோன அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 16ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்குக் கண்ணீர் நெடுஞ்சாலை என்று பெயர். ஊருக்கும் ஊருக்கும் நடுவே சரியான பஸ் இல்லாததால் வருகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிய பூர்வகுடிப் பெண்கள் பலர் அந்தச் சாலையில் காணாமல் போயிருக்கிறார்கள், கொல்லப்பட்டிருக்கிறார்கள். சாலையில் எங்கே நிற்பது, யார் நிறுத்துவது என்பதெல்லாம் அங்கேயும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றாக இல்லை. சித்தி மகளுக்குச் சொந்தக் கார் இருந்தது.

எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. வீட்டில் செகண்ட் ஹேண்ட் மாருதி நின்றது, ஓட்டத்தான் தெரியாது. லைசென்ஸ் எடுக்க ஐந்து மாதம் ஆயிற்று. "டிரைவர வச்சிக்கிட வேண்டியதுதான" என்றார் என் வீட்டுக்காரர். கெட்ட மனிதர் இல்லை. டிரைவர் என்றால் இன்னொரு ஆண், அவனிடம் நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மாமியார், "ரோட்டுல என்னமும் ஒண்ணுன்னா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மே மாதம் கிளம்பினோம். நான், அவர், மகள், ஏழு வயது மகன், அம்மா. மாமியார் முழங்காலைக் காரணம் சொல்லி நின்றுவிட்டார். தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரி. இரண்டு நாள். கிளம்பும் முன் ஒரே ஒரு சட்டம் போட்டேன்: ஐந்து பேரும் போகக்கூடிய இடத்தில்தான் வண்டி நிற்கும். ஒருத்தருக்காக ரோட்டோரம் நிற்காது.

முதலில் மாட்டியவர் அவர்தான். வைப்பாறு தாண்டியதுமே, "செத்த நிப்பாட்டு" என்றார்.

"பங்க் வரட்டும்."

"ஏ, இந்தா மரம் நிக்கில்ல."

"எல்லாரும் போற மரமா?"

பின் சீட்டில் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் தருவைகுளம் வரை காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு ஆணுக்கு அது முட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பரிதாபமாகவும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

பங்க் வந்தது. அவர் உள்ளே போய்விட்டு வந்துவிட்டார். பெண்கள் கழிவறைக்குப் பூட்டு. சாவி எங்கே என்று கேட்டால் மேனேஜரிடம், மேனேஜர் எங்கே என்றால் சாப்பிடப் போயிருக்கிறார். கழிவறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றையும் பங்கில் இலவசமாகத் தரவேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. அதைச் சுவரில் எழுதியும் போட்டிருந்தார்கள். நான் காரைப் பம்புக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றேன். பின்னால் மூன்று பைக், ஒரு லோடு ஆட்டோ. ஹாரன் அடித்தார்கள். என் வீட்டுக்காரர், "சரி வா, அடுத்ததுல பாத்துக்கிடலாம்" என்றார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது. மகள் கார் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நிமிடத்தில் சாவி வந்தது, பம்புப் பையனின் சட்டைப் பையிலிருந்து.

உள்ளே பழைய டயரும் ஆயில் டப்பாக்களும் அடுக்கியிருந்தன. அதற்கு நடுவில் போனோம்.

தூத்துக்குடியில் இட்லி. மகன் பாடப்புத்தகத்து முத்துக்குளிப்பைப் பற்றிக் கேட்டான். இந்தக் கடலில் கடைசிப் பெரிய சலாபம் 1961இல் நடந்தது, அதன் பிறகு நடக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு பாருக்கு இறங்கிச் சிப்பி எடுப்பார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டு வந்தார். "எவ்வளவு நேரம் அடக்குவாங்க?" என்றான். "ஒரு நிமிசம் இருக்கும்" என்றார். அம்மா சன்னலைப் பார்த்தபடி, "நாங்க ஒரு நா பூரா அடக்குவோம்ல" என்றாள். மகனுக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது. காதைத் தடவிக்கொண்டார்.

திருச்செந்தூரில் நாழிக்கிணறு, கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளத்தை மகன் பார்க்கவேண்டும் என்றான். பார்க்க அப்போது ஒன்றும் இல்லை. உடன்குடிப் பக்கம் செம்மண் தேரி ஓரமாகப் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். மகள் பட்டையில் இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "குடி" என்றேன். மணப்பாட்டு மணல்மேட்டில் 1581இல் கட்டிய சிலுவைக் கோயிலுக்கு ஏறும்போது அவளுக்கு வந்துவிட்டது. கீழே ஒரு வீட்டில் கேட்டோம். அந்த அம்மா, "உள்ள வா மக்ளே" என்று கூட்டிக்கொண்டு போய், திரும்பி வரும்போது குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார். கோயிலைவிட அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கன்னியாகுமரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம். சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது. மகன் சங்கு வாங்கினான்.

இவ்வளவிலும் அம்மா குடிக்கவில்லை. சாப்பாட்டோடு அரை டம்ளர், அதுவும் தொண்டையை நனைக்க. "இடம் இருக்கும்மா, நான்தான ஓட்டுறேன்" என்று எத்தனை தரம் சொன்னாலும், "பழகிருச்சு தாயி" என்றாள். நான் அவளோடு சண்டைகூடப் போட்டேன். அறுபத்தாறு வயதுப் பெண்ணிடம், நீ தண்ணீர் குடித்தால்தான் என் பயணம் ஜெயித்த மாதிரி என்று கத்துவது எப்படிப்பட்ட பெண்ணியம் என்று இரவில் லாட்ஜில் படுத்து யோசித்தேன்.

ராத்திரி திருச்செந்தூரில் தங்கிவிட்டு, மறுநாள் விடியற்காலை ஊருக்குக் கிளம்பினோம். பழையகாயல் தாண்டி இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் வெயில் விழுந்து கண் கூசியது. ரோட்டோரத்தில் இரண்டு பெண்கள் தலைத்துண்டும் முழுக்கைச் சட்டையுமாக நின்று கையைக் காட்டினார்கள். நிறுத்தினேன். "தண்ணி இருக்கா தாயி?" என்று மூத்தவர் கேட்டார். மகள் தன்னுடைய பாட்டிலை நீட்டினாள். அந்த அம்மா வாங்கி, உள்ளங்கையில் ஊற்றிக் கண்ணைக் கழுவினார். உப்பு தெறித்துவிட்டதாம். இன்னொருவரும் கழுவினார். பாதிப் பாட்டில் மிச்சமிருந்தது, திருப்பிக் கொடுத்தார்கள்.

"குடிங்க ஆச்சி" என்றாள் மகள்.

"குடிச்சா எங்கம்மா போறது? இந்த அளத்துல ஒரு செடி உண்டா?"

கையை விரித்துக் காட்டினார். தூரம் வரை வெள்ளைதான். ஆண்கள் வாருபலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். ஒதுங்க ஒரு முள்மரம்கூட இல்லாத சமதரை. எத்தனை மணிக்கு வேலைக்கு இறங்கினீர்கள் என்று அம்மா கேட்டாள். விடியக்காலம் நாலு மணி. உடம்புக்கு? நீர்க்கடுப்பு எப்போதும் உண்டு, அது போகாது. அம்மாவும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி பேசினார்கள். எத்தனை வருடம், எத்தனை பிள்ளை, கர்ப்பப்பை எடுத்தாயிற்றா. எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று அப்போது வந்தது: அம்மாவுக்கும் நீர்க்கடுப்பு மிளகாய்க்காட்டுக் காலத்திலிருந்தே இருக்கிறது. என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடலாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கவும் கேட்டேன். "கங்காணி வைவாரு" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிவிட்டார்கள்.

முத்தையாபுரம் வருகிற வரை காரில் யாரும் பேசவில்லை. மகள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை ஆச்சியிடம் நீட்டினாள், ஒன்றும் சொல்லாமல். அம்மா வாங்கி அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். இன்னும் ஒரு மடக்கு.

"ஏ தாயி" என்றாள் என்னிடம், "அடுத்த பங்க் எம்புட்டுத் தூரம்?"