கோட்டையில் ஓர் இரவு

கொழும்புக்குப் போனால் புறக்கோட்டையில் சாமான் வாங்கி, இரவு பஸ்ஸிலேயே ஊர் திரும்புவதுதான் எங்கள் வழக்கம். இந்த லீவில் சகோதரர்கள் இருவரும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு கோட்டை கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் ஓர் இரவு தங்கினோம்.

முன்பு இராணுவ முகாமாக இருந்த இடம். 1875இல் ஹோட்டலாகத் திறந்தார்கள், கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்களுக்காக. ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890இல் இங்கு தங்கியிருக்கிறார். இன்று புது ஹோட்டல்களின் பளபளப்பு இல்லை. எங்களுக்கு அதுவே பிடித்தது.

உம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். 2019 ஏப்ரலில் குண்டு வெடித்த ஹோட்டல்களில் ஒன்று இங்கிருந்து நடை தூரம்தான். அதற்குப் பிறகு அபாயாவோடு பெரிய கட்டடம் எதற்குள்ளும் போக அவருக்கு விருப்பமில்லை. "பேக்கைக் கேட்டா தொறந்து காட்டுங்க மகன், கோவப்படாதீங்க" என்றார். எத்தனை உம்மாமார் இந்த வசனத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்களோ! காவலாளி எல்லோருடைய பையையும் பார்ப்பதுபோலப் பார்த்தார். உம்மாவுக்கு ஒரு கதிரையும் இழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

இரவு மேல்மாடியிலிருந்து துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. உம்மா கிரேன்களை எண்ணிக்கொண்டே இருந்தார், தூங்கப் போக மனமில்லை.

சுபஹுக்கு நாங்கள் இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிக்கு நடந்தோம். 1909இல் கட்டி முடித்த பள்ளி. ஒருகாலத்தில் கப்பலில் வருபவர்களுக்கு அதுதான் கொழும்பின் அடையாளம் என்பார்கள். திரும்பி வரும்போது உம்மா கீழே தனியாக உட்கார்ந்து, தானே சொல்லியெடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். அதன் விலையை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.