கரிசல் மண்ணில் ஒரு கேள்வி



ஆவணி மாதத்தில் ஒருமுறை அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் சென்று பாருங்கள். தறிகளின் ஓசை நகரோடு நின்றுவிடும். அதன்பின் இருமருங்கிலும் சீமைக் கருவேலங்காடும், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலமுமே கண்ணுக்குத் தென்படும். குண்டாறு வெறும் மணலாகக் கிடக்கும். இவ்வளவு வறண்ட பூமியில் அமைந்த ஊருக்குச் 'சுழி' என்று பெயர்! ஊழிவெள்ளம் சுழித்து மண்ணுக்குள் இறங்கிய இடம் இதுவென்று அவ்வூர்க் கோயிலின் தலபுராணம் கூறுகிறது.

உறவினர் வீட்டு நிக்காஹுக்காக நான் அவ்வழியே சென்றபோது என் தங்கை மகனும் உடன் வந்தான். இயற்பியல் பயிலும் மாணவன் அவன். "மாமா, இறைவன் இருக்கின்றான் என்பதை எந்த ஆய்வுக்கூடத்திலும் நிறுவ முடியாது. அப்படியிருக்கத் தொழுகையில் மன அமைதி கிடைக்கிறது என்று நீங்கள் கூறுவதற்கு என்ன மதிப்பு?" என்று கேட்டான். இதே கேள்வியை வீட்டில் கேட்டதற்காக அவனுடைய அத்தா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை என்பதை நான் அறிவேன். எனக்கும் சினம் எழவே செய்தது. ஆயினும் அடக்கிக்கொண்டேன். கேலிக்காக அவன் கேட்கவில்லை; அவன் கண்களில் தவிப்பு இருந்தது.

இக்கேள்விக்கும் திருச்சுழிக்கும் தொடர்பு உண்டு. ரமண மகரிஷி என்று உலகம் அழைக்கும் வேங்கடராமன் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தது இவ்வூரில்தான். 1896ஆம் ஆண்டு ஜூலையில், மதுரையில் தம் சிறிய தந்தையார் வீட்டு மாடியில் தனித்திருந்தபோது, பதினாறு வயதுச் சிறுவரான அவரைக் காரணமின்றி மரண அச்சம் பற்றியது. பிணம்போல் படுத்து, "இறப்பது எது?" என்று தமக்குள் வினவினார். சில வாரங்களில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். 1950இல் மறையும்வரை அவ்வூரை விட்டு நீங்கவில்லை.

"அது மூளையில் நிகழ்ந்த மாற்றமாக இருக்கலாமே!" என்றான் மருமகன்.

"இருக்கலாம். உன் பாட்டியார் மௌத்தான அன்று நீ அழுதாயே, அந்தக் கண்ணீரும் மூளையின் வேலைதான். அதனால் நீ இழந்தது பொய்யாகிவிட்டதா?" என்று கேட்டேன். அவன் பதில் கூறவில்லை.

ஆனால் நேயர்களே, இதில் நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். ரமணர் தம் அனுபவத்திற்குக் கொண்ட பொருள் நமது ஏகத்துவக் கொள்கையோடு உடன்படுவதன்று. ஒருவருடைய அனுபவம் ஆழமானது என்பதாலேயே அதிலிருந்து அவர் எடுத்த முடிவு நமக்குச் சான்றாகிவிடாது. நம்முடைய அனுபவமும் பிறருக்கு அவ்வாறே. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1902இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில் இம்முடிவுக்கே வந்தார்: அத்தகைய அனுபவம் பெற்றவருக்கு அது உறுதியானது, பெறாதவரை அது கட்டுப்படுத்தாது.

அப்படியானால் அதன் மதிப்புத்தான் என்ன? விடையை அன்று மாலை ஒரு முதிய விவசாயியிடம் கேட்டோம்.

நிக்காஹ் வீட்டுத் திண்ணையில் பேச்சு மழையைப் பற்றித் திரும்பியது. முன்பு ஒரு பஞ்ச காலத்தில் ஊர்மக்கள் கண்மாய்த் திடலில் மழைத்தொழுகை நடத்தியதை அவர் நினைவுகூர்ந்தார். அத்தொழுகைக்குமுன் பாவமன்னிப்புத் தேட வேண்டும். பிறர் உரிமையைத் திருப்பித் தர வேண்டும். பகைமை களைய வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களின் வழிகாட்டுதல்.

"மழை பெய்ததா?" என்று ஆவலோடு கேட்டான் மருமகன்.

"இல்லை தம்பி. ஐப்பசியில்தான் பெய்தது. அது தொழாத ஊருக்கும் பெய்தது" என்று சிரித்தார் பெரியவர்.

"பிறகு உங்களுக்கு என்ன கிடைத்தது?"

"கிணற்றுப் பங்கு தகராறில் என் தம்பியோடு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. சுடுகிற மண்ணில் நெற்றியை வைத்தபோது, நான் சொல்வதை ஒருவன் கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே, சொல்லத் தெரியாது. எழுந்து நேரே போய்த் தம்பிக்கு ஸலாம் சொன்னேன். மறு வருஷம் அவன் மௌத்தாகிவிட்டான். அன்று போகாமல் இருந்திருந்தால்..." என்றவர் மேலே பேசவில்லை. மருமகனும் கேட்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வு என் நினைவுக்கு வந்தது. ஐம்புலன்களையும் அறிவையும்கூட ஐயுற்று, ஏறத்தாழ இரண்டு மாதம் தவித்தவர் அப்பெரியார். வாதங்களால் அன்று, இறைவன் தம் நெஞ்சில் இட்ட ஒளியாலேயே அத்தவிப்பு நீங்கியதாக அவர்களே எழுதியுள்ளார்கள். பின்னர் 1095இல் பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் பாடம் சொல்ல வாயெடுத்தும் நா எழாமற்போக, பேரும் புகழும் தந்த அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். உடல்நலத்திற்கு இலக்கணம் சொல்வது வேறு, நலமாக இருப்பது வேறு என்பது அவர்கள் உணர்த்திய பாடம். ஆயினும் அறிவை அவர்கள் கைவிடவில்லை. அனுபவத்தை மார்க்க வரம்புக்குள் நின்றே எடைபோட்டார்கள்.

மறுநாள் காலை திரும்பும் வழியில் கரிசற்காட்டில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு துளி ஈரமும் இல்லை, புழுதியில் விதைத்துக்கொண்டிருந்தார்கள். பருவமழை இறங்குமுன் இவ்வாறு விதைத்து வைப்பது இம்மானாவாரி மண்ணின் வழக்கம். இவ்வாண்டு மழை வருமென்பதற்கு உழவனிடம் நிரூபணம் இல்லை. ஆனால் அவன் குருட்டுத்தனமாகவும் விதைக்கவில்லை. தலைமுறைகளின் அனுபவம் அவனுக்குத் துணையிருக்கிறது. விதைத்தவன் கண்மாயைத் தூர்வாராமலும் இருப்பதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவன்மீது நம்பிக்கை வைக்கும்படி போதித்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் அல்லவா நாம்!

"ஒத்துக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன் மாமா. ஆனால் அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை" என்றான் மருமகன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீடு சேர்ந்ததும் அவனே முதலில் தன் அத்தாவிடம் சென்று ஸலாம் கூறியதாகத் தங்கை பின்னர் சொன்னாள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இக்கேள்வியைக் கேட்கும் நாள் வரும். அன்று சினந்து வாயடைத்துவிடாதீர்கள். விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று, நிரூபிக்காததைச் சொல்லி ஏமாற்றவும் வேண்டாம்; பின்னொரு நாள் அது பொய்யென்று அறிந்தால், நீங்கள் சொன்ன மெய்யையும் அவன் நம்பமாட்டான். உயிர்கொடுக்கும் விதத்தைக் காட்டுமாறு இறைவனிடமே கேட்ட நபி இப்ராஹீம் (அலை) அவர்கள், நம்பாததால் கேட்கவில்லை. உள்ளம் அமைதிபெறவே கேட்டார்கள் என்று திருமறை அறிவிக்கிறது. கேட்டதற்காக அவர்கள் கடிந்துகொள்ளப்படவில்லை. உங்கள் தொழுகை உங்களை எவ்வாறு மாற்றியது என்பதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். மாற்றவில்லையெனில், முதற்கேள்வி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

செத்த பூமியை மழையால் உயிர்ப்பிக்கும் வல்ல நாயன், நம் உள்ளங்களையும் உயிர்ப்பிப்பானாக! ஆமீன்.