கிடாரிக்குத் தீர்ப்பு

மார்க்குப் போடுவது என் ஜீவனோபாயம். இருபது வருஷங்களுக்கு மேலாகச் சிவப்பு மையும் கையுமாக உட்கார்ந்து, பிறர் பெற்ற பிள்ளைகளின் விடைத்தாள்களில் அபிப்பிராயம் எழுதி வருகிறேன். "கவனக் குறைவு", "கையெழுத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்", "இன்னும் முயன்றால் தேறலாம்" - இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டே ஓர் உபாத்தியாயர் பென்ஷன் வரையில் காலந்தள்ளிவிடலாம். இந்தப் பையனுக்கு ஏன் மூன்று மார்க்கு அதிகம், அந்தப் பெண்ணுக்கு ஏன் ஐந்து குறைவு என்று நம்மை யாரும் சபை நடுவே நிறுத்திக் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் வேறு உத்தியோகம் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அப்படிக் கேட்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் மாடுகளுக்கு மார்க்குப் போடுகிறவர்.

2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். விஸ்கான்ஸின் பாலுக்கும் பாலாடைக் கட்டிக்கும் பேர்போன சீமை. மோட்டார் வண்டிகளின் நம்பர்ப் பலகையிலேயே 'அமெரிக்காவின் பால் நாடு' என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கோடைக்காலத்தில் அங்கே ஜில்லாவுக்கு ஜில்லா ஒரு திருவிழா நடக்கிறது. ராட்டினம், தின்பண்டக் கடை, வாத்திய கோஷ்டி எல்லாம் உண்டு. சுவாமி மட்டுந்தான் இல்லை. அந்த ஸ்தானத்தில் மாடு இருக்கிறது.

"ராட்டினம் எங்கே வேணுமானாலும் இருக்கும், மாமா. வாங்க, மாட்டுப் போட்டி பார்க்கலாம். என் சிநேகிதி கன்று பிடிச்சுண்டு வரப் போறாள்" என்று என் மருமகள், அதாவது தங்கையின் பெண், என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மரத்தூள் பரப்பிய ஒரு வட்டம். சுற்றிலும் பலகைப் படிகள். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்ட குழந்தைகள், ஒன்பது வயசுப் பொடியன் முதல் பதினெட்டு வயசுப் பெண் வரையில், வகுப்பு வகுப்பாகத் தங்கள் கறவை இனக் கன்றுகளை நடத்திக்கொண்டு வருகிறார்கள். மாட்டின் முகத்தைப் பார்த்தபடி, மெதுவாகப் பின்புறமாகவே நடந்து வருவது அங்கே சம்பிரதாயம். கோவிலில் சந்நிதியைப் பார்த்துக்கொண்டே பின்னடைந்து வருவோமே, ஏறக்குறைய அதே நடை! வட்டத்தின் நடுவில் நடுவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார், குனிகிறார், விலாவைத் தொட்டுப் பார்க்கிறார், ஒரு விரலை நீட்டுகிறார். அந்த விரல் காட்டிய வரிசையில் கன்றுகள் நிற்கின்றன. இதோடு முடிந்தால் விசேஷம் ஒன்றுமில்லை. அப்புறந்தான் அவர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்குகிறார். முதலாவதை இரண்டாவதுக்கு மேல் ஏன் வைத்தேன், இரண்டாவதை மூன்றாவதுக்கு மேல் ஏன் வைத்தேன் என்று கடைசிக் கன்று வரையில் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்வதைக் கேட்க அந்தப் பிள்ளைகள், அவர்களுடைய தாய் தகப்பன், பாட்டி, போட்டியில் தோற்ற பக்கத்துப் பண்ணைக்காரர் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு மூல காரணம் ஒரு பள்ளிக்கூடத்து மனிதர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஒஹையோ மாகாணத்தில் பள்ளிக்கூட மேற்பார்வையாளராக இருந்த ஆல்பர்ட் கிரஹாம் என்பவர், 1902-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சுமார் முப்பது கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுவும் எங்கே? ஜில்லாக் கோர்ட்டுக் கட்டடத்தின் நிலவறையில். தலை, இருதயம், கை, ஆரோக்கியம் என்ற நாலு சொற்களுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'எச்' ஆகையால், அந்த இயக்கத்துக்குப் பிற்பாடு 'ஃபோர்-எச்' என்று பெயர் நிலைத்தது. நாலிலைச் சின்னம் போட்ட அந்தச் சங்கத்துப் பிள்ளைகளைத்தான் நான் அன்று பார்த்தேன்.

நடுவரின் பாஷை இருக்கிறதே, அது தனிப் பாஷை. கறவைக் கிடாரி 'கூர்மையாக' இருக்க வேண்டும். 'கோணங்கள்' தெரிய வேண்டும். விலா 'திறந்து' இருக்க வேண்டும். நடக்கும்போது 'மேட்டில் ஏறுவது போல்' முன்புறம் சற்றே உயர்ந்திருப்பது சிலாக்கியம். எல்லாவற்றுக்கும் மேலாகப் 'பால் குணம்' என்று ஒன்று. அது என்ன என்று கேட்டால், பார்த்தால் தெரியும் என்கிறார்கள். நம் சங்கீத விமர்சகர்கள் 'பாவம்' என்று சொல்வார்களே, அந்த ஜாதியைச் சேர்ந்தது. பெரிய பசுக்களுக்கு நூறு மார்க்கில் மடிக்கு மட்டும் 40 என்று அச்சிட்ட அட்டவணையே இருக்கிறது. கிடாரிக்கு மடி இன்னும் வரவில்லையாதலால், மற்ற அங்கங்களைப் பார்த்துத்தான் தீர்ப்பு. ஆகவே கற்பனைக்கு இடம் அதிகம்.

இதில் சங்கடம் எங்கே வருகிறது என்றால், இலக்கணத்தில். தமிழில் மாட்டை 'அது' என்போம், பெண்ணை 'அவள்' என்போம், குழப்பமில்லை. விஸ்கான்ஸின் பண்ணைக்காரருக்குக் கிடாரியும் 'அவள்', கயிற்றைப் பிடித்திருக்கும் பெண்ணும் 'அவள்'. "அவளுக்கு நீண்ட கழுத்து; நடையிலும் அழகு இருக்கிறது. ஆனால் பின்புறத்தில் இன்னும் கொஞ்சம் அகலம் இருந்திருக்கலாம்" என்று நடுவர் ஒலிபெருக்கியில் கணீரென்று சொன்னபோது, பதினாலு வயசுப் பெண் ஒருத்தியின் காது மடல்கள் சிவந்து போயின. எனக்கு முன் வரிசையில் இருந்த அம்மாள் ஒருத்தி கையிலிருந்த காகித விசிறியை நிறுத்திவிட்டாள். நடுவருக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது போலும். "கிடாரியைச் சொல்கிறேன்" என்றார் அவசரமாக. அந்தத் திருத்தத்துக்குக் கிடைத்த கைதட்டல் முதற் பரிசுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

முதல் கிடாரியைப் பற்றி அவர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "இவளை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக யாருக்குத்தான் ஆசை இராது?" என்பார். மூன்றாம் வகுப்பில் இதைக் கேட்டதும், "எல்லா வகுப்பிலும் இதையே சொல்றார், மாமா. இத்தனை நேரம் அவர் வீட்டுத் தொழுவத்திலே நிற்க இடம் இருக்காது" என்றாள் என் மருமகள்.

கடைசிக் கன்றுக்கும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: "காலம் இவள் பக்கம் இருக்கிறது." ஜாதகம் பார்த்தது போல இருக்கிறதல்லவா? நான் முதலில் சிரித்தேன். பிறகு விசாரித்ததில் அர்த்தம் புரிந்தது. ஒரே வகுப்பில் சில மாத வித்தியாசத்தில் பிறந்த கன்றுகள் நிற்கின்றன. கடைசியில் பிறந்தது உருவத்தில் சிறுத்துத்தான் இருக்கும். அநேகமாகக் கடைசியில்தான் நிற்கும். அடுத்த வருஷம் அதுவே முன்னுக்கு வந்தாலும் வரலாம். ஆகவே அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல, கணக்கு. எங்கள் பள்ளிக்கூடங்களிலும் மே மாதத்தில் பிறந்த குழந்தையையும் முந்தின ஜூனில் பிறந்த குழந்தையையும் ஒரே பெஞ்சியில்தான் உட்கார வைக்கிறோம். அந்தக் கணக்கை நாங்கள் யாரும் போடுவதில்லை.

பரிசு கொடுக்கும் முறையும் எனக்குப் பிடித்திருந்தது. 'டேனிஷ் முறை' என்று பெயர். நல்ல தரத்துக்கு நீல நாடா, அடுத்ததற்குச் சிவப்பு, அதற்கும் அடுத்ததற்கு வெள்ளை. தரத்துக்கு எட்டியவை பத்துக் கன்றுகளானால் பத்துக்கும் நீலம். வெறுங்கையோடு யாரும் வீடு திரும்புவதில்லை.

மாட்டைப் பார்க்காமல் பிடித்திருப்பவரைப் பார்த்து மார்க்குப் போடும் போட்டியும் ஒன்று உண்டு. அதில் நடுவர் கேள்வி கேட்பார்: கன்று என்றைக்குப் பிறந்தது? தீனி என்ன? இந்த எலும்புக்குப் பெயர் என்ன? சில சமயம் திடீரென்று, "கயிற்றை அவனிடம் கொடு, அவன் கன்றை நீ பிடி" என்று மாற்றிவிடுவதும் உண்டு. ஒன்பது வயசுப் பையன் ஒருவனைப் பார்த்து, "உன் கன்றிடம் உள்ள குறை என்ன?" என்று கேட்டார். தன் மாட்டின் குறையைத் தானே அறிந்திருக்க வேண்டும் என்பது இந்தப் போட்டியின் முக்கியமான பாடம். காலைப் பற்றியோ முதுகைப் பற்றியோ அவன் சொல்ல வேண்டும். பையன் வெகுநேரம் யோசித்தான். "கூப்பிட்டால் வருவதில்லை" என்றான். "அந்தக் குறை உள்ள கன்றுகள் என் வீட்டிலும் மூன்று இருக்கின்றன, மூத்தது கல்லூரியில் படிக்கிறது" என்று நடுவர் ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டார்.

பெரிய பிள்ளைகளுக்கு நடுவர் வேலையையே பரீட்சையாக வைக்கிறார்கள். நாலு மாடுகளை நிறுத்திவிடுவார்கள். வரிசைப்படுத்த வேண்டும், பிறகு தனியாக ஒரு பரீட்சகர் முன் நின்று, கையில் குறிப்பு இல்லாமல், இரண்டு நிமிஷத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்று மொட்டையாகச் சொன்னால் மார்க்குக் கிடையாது. எதைவிட, எந்த இடத்தில், எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதோடு, தோற்ற மாட்டுக்கு எந்த அம்சத்தில் மேன்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் சக உபாத்தியாயர்களையும், சட்டசபை அங்கத்தினர்கள் சிலரையும் இந்த வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா என்று எனக்குத் தோன்றியது.

மாட்டைப் பற்றிச் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும் என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1930-களிலிருந்து இறைச்சி இன மாட்டுப் போட்டிகளில் நடுவர்கள் குட்டையும் தடிமனுமான உருவத்தையே புகழ்ந்து வந்தார்கள். சொன்னபடியே பண்ணைக்காரர்களும் வளர்த்தார்கள். 1950-ஐ ஒட்டி, பரிசு பெற்ற மாடுகளின் முதுகு மனிதனின் இடுப்பு வாருக்கு மேல் எழும்பவில்லை. கூடவே பல மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறக்க ஆரம்பித்தன, அநேகம் பிழைக்கவில்லை. அப்புறம் அலை திரும்பியது. 1969-இல் சிகாகோ கண்காட்சியில் கான்ஸாஸ் பேராசிரியர் டான் குட் என்பவர், பிரெஞ்சு தேசத்து ஷரோலே இனக் கலப்புள்ள நெடிய மாடு ஒன்றுக்கு முதற் பரிசு கொடுத்தார். அதற்குப் பின் எல்லோரும் உயரம் உயரம் என்று ஓடினார்கள். 1980-களில் மாடுகள் அளவுக்கு மீறி வளர்ந்து, மறுபடியும் 'கொஞ்சம் குறையுங்கள்' என்று சொல்ல வேண்டியதாயிற்று. தலைமுறை தலைமுறையாக மாட்டின் எலும்பே ஒலிபெருக்கியின் சொல் கேட்டு நீண்டும் குறுகியும் வந்திருக்கிறது!

இடையில் நம் தேசத்து விஷயம் ஒன்று. கிர், குஜராத், நெல்லூர், கிருஷ்ணா நதிக்கரை இனங்களைக் கலந்து அமெரிக்கர்கள் உண்டாக்கிய திமில் மாட்டுக்கு 'பிராமன்' என்று பெயர் வைத்து, 1924-இல் சங்கமும் ஸ்தாபித்திருக்கிறார்கள். டெக்ஸாஸில் அதற்கென்று தனிப் போட்டிகள் நடக்கின்றன. 'இந்தப் பிராமன் சாந்த குணமுள்ளது. ஆனால் காதுகள் சற்றுக் குட்டை' என்கிற மாதிரித் தீர்ப்புகளைத் தமிழ்ப் பத்திரிகையில் அச்சிடுவதற்கு முன் ஆசிரியர் இரண்டு தரம் யோசிப்பார்.

பிற்பகலில் பக்கத்துக் கொட்டகைக்குப் போனோம். அங்கே காயடித்த காளைகள். சுமார் 1,300 ராத்தல் எடையுள்ள கரிய உருவங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தலை அவற்றின் முதுகுக்குச் சற்று மேலே தெரிகிறது. இங்கே பாஷை தலைகீழ். காலையில் கூர்மையும் கோணமும் புகழ்ச்சி. இங்கே அவை குற்றம். நடுவர் முதுகிலும் விலாவிலும் விரல்களை அழுத்திக் கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்கிறார். மிக உயர்ந்த புகழ்ச்சி 'தயாராகிவிட்டது' என்பது. எதற்குத் தயார் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகள் போன இலையுதிர் காலத்தில் கன்றாக வாங்கி, பனியிலும் மழையிலும் காலை மாலை தீனி வைத்து, குளிப்பாட்டி, சீவி, பெயர் வைத்து வளர்த்த மாடுகள் அவை. திருவிழா முடிவில் ஏலம். ஊர் வியாபாரிகள் சந்தை விலைக்கு மேலேயே கொடுத்து வாங்குவார்களாம். பணம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு. மாடு கசாப்புக்கு.

இதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லாமலில்லை. ஆனால் தினம் இரண்டு வேளை காப்பிக்குப் பாலை வாங்கிக்கொண்டு, கறவை நின்ற மாடு எங்கே போகிறது என்று ஒரு நாளும் விசாரிக்காத நான், அந்தக் கொட்டகையில் நின்று அதைச் சொல்லக் கூசினேன். காலைப் போட்டியில் நடுவர்கள் தாராளமாக ஹாஸ்யம் பேசினார்கள். இங்கே இருந்த நடுவர், வயதானவர், ஒரு வேடிக்கை வார்த்தையும் பேசவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் மாட்டின் பெயரைக் கேட்டுக்கொண்டார். காரணம் சொல்லும்போது அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை. 'இரண்டாவது', 'மூன்றாவது' என்றுதான் சொன்னார். முதற் பரிசுக்குரிய காளையின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அதுதான் தீர்ப்பின் அடையாளம். அதைப் பிடித்திருந்த பதினைந்து வயசுப் பெண் சிரித்துக்கொண்டே அவரிடம் கை குலுக்கினாள். படிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வரும்போது அவளை மறுபடியும் பார்த்தோம். நாடாவைக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தாள். போட்டியில் காளையின் கால்களைச் சரியாக நிறுத்துவதற்கும், அது பொறுமை இழக்காமல் இருக்க அடிவயிற்றைச் சொறிந்து கொடுப்பதற்கும் நுனியில் கொக்கி வைத்த நீண்ட கோல் ஒன்று வைத்திருப்பார்கள். அந்தக் கோலால் அவள் இன்னும் சொறிந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். காளை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. ஏலம் மறுநாள் காலை பத்து மணிக்கு என்று கம்பத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"போகலாமா, மாமா?" என்றாள் என் மருமகள். வண்டியில் ஏறும் வரையில் அவள் வேறொன்றும் பேசவில்லை.