தேநீரில் குளிக்கும் பாய்கள்... மொரீஷியஸில் ஒரு குட்டிக் கப்பல் பட்டறை!

மொரீஷியஸ் என்றதும் நீலக் கடலும் வெள்ளை மணலும்தான் ஞாபகத்துக்கு வரும். கியூர்பிப் ஊருக்குப் போனால் இரண்டுமே கிடையாது. தீவின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டு நிலம் அது. எப்போது வேண்டுமானாலும் மழை வரும், ஸ்வெட்டரும் தேவைப்படும். அணைந்துபோன எரிமலையின் பள்ளத்தைக் காட்டிவிட்டு, சுற்றுலா வேன்கள் அடுத்து நிற்கும் இடம் கப்பல் பட்டறை. கடலே தெரியாத ஊரில் கப்பலா என்று கேட்காதீர்கள். இங்கே கட்டப்படும் கப்பல்களுக்குத் தண்ணீர் தேவையில்லை. ஒரு மேஜை போதும்.

பட்டறைக்குள் நுழைந்ததும் மர வாசனையும் பசை வாசனையும் சேர்ந்து வரும். விக்டரி, பவுண்டி, எண்டெவர், டைட்டானிக் என்று வரலாற்றில் படித்த கப்பல்கள் எல்லாம் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. பழைய வரைபடங்களைப் பார்த்து அளவெடுத்துச் செய்தவை. 1805 டிராஃபல்கர் போரில் நெல்சன் நின்ற விக்டரி, முன்முனையிலிருந்து பின்முனை வரை சுமார் 69 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 69 சென்டிமீட்டர். ஆறடி மாலுமி இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார். அந்தப் போரில் இருந்த 104 பீரங்கிகளையும் அதே அளவில் செய்தாக வேண்டும்.

முதலில் முதுகெலும்பு மாதிரி ஓர் அடிக்கட்டை. அதில் விலா எலும்புகள்போலச் சட்டங்கள். அதன்மேல் மெல்லிய பலகைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். தேக்கும் மகோகனியும் நல்லது. கற்பூர மரம் விலை குறைவு, ஆனால் விரிசல் விடும். பெரிய கப்பலுக்கு 400 மணி நேரம்வரை ஆகுமாம். தினம் எட்டு மணி நேரம் வைத்தால் ஐம்பது நாள். மர வேலை பெரும்பாலும் ஆண்கள் கையில், கயிறும் பாயும் பெண்கள் கையில். புதுத் துணிக்குப் பழைய கப்பல் பாயின் நிறம் வர என்ன செய்கிறார்கள் தெரியுமா? டீயில் நனைத்துக் காயவைக்கிறார்கள்!

இத்தனைக்கும் இது பரம்பரைத் தொழில் இல்லை. 1968-ல் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்த ஒரு மாதிரிக் கப்பலில் தொடங்கியது என்கிறார்கள். ஆனால், தீவுக்குக் கப்பலோடு உள்ள உறவு ரொம்பப் பழசு. இங்கே பூர்வகுடிகள் கிடையாது, எல்லோருமே கப்பலில் வந்தவர்கள். பிரெஞ்சு கவர்னர் லா போர்தொன்னே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை இங்கே வரவழைத்தார். 1746-ல் நம் மதராஸைப் பிடித்ததும் அவர்தான், இந்தத் தீவில் தயாரான கப்பல்களோடு. 1744-ல் இந்தக் கரையோரம் மூழ்கிய செயின்ட் ஜெரான் கப்பலின் மணி, மாஹெபூர் மியூசியத்தில் இருக்கிறது. ரூபாய் நோட்டில் தமிழைப் பார்த்துப் பூரித்துப்போகும் நாம், இதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

எனக்கு இங்கே வேறொரு வேலையும் இருந்தது. ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா, மூன்று வருடமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு விக்டரி கட்டிக்கொண்டிருக்கிறார். (நாங்கள் சாப்பிடுவது தரையில்.) கிட் வாங்கிச் செய்வதுதான். பலகை, பீரங்கி எல்லாம் முடிந்து, பாய்மரத்தில் மாலுமிகள் ஏறும் கயிற்று ஏணியில் நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான முடிச்சுகள். போட்டுப் போட்டு அவிழ்த்தவர், போன தீபாவளிக்குப் பிறகு தொடவேயில்லை. யாருக்காவது கொடுத்துவிடு என்று ஒருநாள் சொன்னபோது, மேஜைக்காகத் தினம் சண்டை போடும் அம்மாவே பதில் பேசவில்லை.

அதனால், கயிறு கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தமிழ் வம்சாவளி. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், ஆனால் பேசுவது கிரியோல். எங்கள் டிரைவர்தான் மொழிபெயர்த்தார். போனில் அப்பாவின் கப்பல் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார். முடிச்சு சரி, இழுப்பதுதான் தப்பு என்றார். ஒவ்வொரு படியையும் இறுக்கினால் நெட்டுக் கயிறுகள் உள்பக்கம் வளைந்து உடுக்கை மாதிரி ஆகிவிடும். எனவே, கோடு போட்ட அட்டை ஒன்றைக் கயிறுகளுக்குப் பின்னால் வைக்க வேண்டும். ஐந்தைந்து படிக்கு ஒன்றாக முதலில் கட்டிவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்ப வேண்டும். நூலில் தேன்மெழுகு தடவினால் பிசிர் அடங்கும். கடைசியில் முடிச்சின்மேல் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு. சொல்லிக்கொண்டே எனக்காக நான்கு படி கட்டிக் காட்டினார்.

உங்கள் மகளும் இந்த வேலைக்கு வருவாரா என்று கேட்டேன். அவள் ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கிறாள், இதைவிடச் சம்பளம் அதிகம், கண்ணும் கெடாது என்றார். அதே நேரத்தில் பின்னால் ஒரு சுற்றுலாப் பயணி, பாதி விலைக்குத் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வாங்குவதாக இருந்தால், விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் கயிற்று ஏணியைப் பாருங்கள். முடிச்சா, வெறும் பசையா என்று தெரிந்துவிடும். மேல்தளத்தில் பலகை ஒட்டியிருக்கிறதா, கோடு கிழித்திருக்கிறதா என்று கவனியுங்கள். பீரங்கிகளை எண்ணுங்கள். விமானத்தில் கொண்டுபோகப் பெட்டி கட்டிக் கொடுக்கிறார்கள். நீங்களே கட்ட ஆசையா? விக்டரி வேண்டவே வேண்டாம். ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றில் ஆரம்பியுங்கள்.

நான் எடுத்த வீடியோவை அன்று இரவே அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு ஒரே ஒரு மெசேஜ்: "அட்டையில் கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடைவெளி?"

நிஜக் கப்பலில் படிக்குப் படி 13 முதல் 15 அங்குலம். நூறில் ஒரு பங்கில் மூன்றரை மில்லிமீட்டர் என்று பதில் போட்டேன்.