கையாலையில் ஒரு குமிள்

அதியன்னூரில் என் அத்தை வீட்டுக்குத் தெற்கே, ரப்பர் மரங்களின் நிழல் முடியும் இடத்தில் எல்லைச் சுவராகப் பழைய மண் கையாலை ஒன்று உண்டு. இடவப்பாதி மழை ஓய்ந்து ஆவணி வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில் அதன்மேல் புல் முழங்கால் உயரத்துக்கு மண்டிவிடும். அந்தப் புல்லை அறுக்கப் போன அத்தையின் பின்னால் ஒரு காரியமுமின்றி நடந்துகொண்டிருந்த காலை வேளையில்தான், புல்லிடையே தலை கவிழ்ந்து நின்ற ஊதாப் பூவை முதன்முதலாகக் கண்டேன்.

“அத்தே, இது என்ன செடி?”

“செடியா? அது குமிளாக்கும் மக்களே, தொடாத.”

காளானைக் குமிள் என்பது எங்கள் எல்லைப்புறத்துப் பேச்சு. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து, அதியன்னூர் அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்ட பின்னரும், வீட்டுத் தமிழுக்கும் கடைத்தெரு மலையாளத்துக்கும் பொதுவான இத்தகைய சொற்களுக்கு எவரும் எல்லைக்கல் நாட்டவில்லை. ஆயினும், கல்லூரியில் சிறிது தாவர சாஸ்திரம் பயின்ற கர்வம் என்னை விடவில்லை. காளான் எங்கேயாவது இதழ் விரித்துப் பூக்குமா என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டு, ஈரப் புல்லில் உட்கார்ந்து பரீட்சை செய்யலானேன்.

ஒரு சாண் உயரத்துக்குச் செந்நிறக் கோடுகள் ஓடிய மெல்லிய காம்பு; அதன் நுனியில், புகைபிடிக்கும் சுங்கானின் தலைபோல் வளைந்த ஒற்றைப் பூ. தரைக்குமேல் இலை என்று ஒன்றுமில்லை. பச்சை என்ற நிறமே அதன் சரீரத்தில் எங்கும் இல்லை. ஒரு செடியை இனங்காண்பதற்கு இலையைத்தான் முதலில் பார்க்கப் பழகியவனுக்கு, இந்த இல்லாமையே முதல் லட்சணமாக வாய்த்தது. மாமரக் கிளையில் குடியேறும் இத்திக்கண்ணி, அதாவது நம் புல்லுருவி, பிறரிடம் நீரையும் உப்பையும் உறிஞ்சினாலும் தன் பச்சை இலையால் தானும் சமைத்துக்கொள்ளும் அரைக் கடனாளி. இதுவோ அடுப்பே மூட்டாத முழுக் கடனாளி.

அடுத்து, பூவைத் தாங்கிய புல்லிவட்டம். கமுகம்பாளை எப்படி ஒரு பக்கம் கீறிப் பிளந்து உள்ளிருக்கும் குலையைக் காட்டுமோ, அப்படியே அதுவும் ஒரே பக்கத்தில் மட்டும் பிளந்து, நுனியில் கூராக முடிந்திருந்தது. மலைக்காடுகளில் இதே குடும்பத்துக் கிறிஸ்டிசோனியாவும் இலையின்றித்தான் பூக்கும். ஆனால் அதன் புல்லிவட்டம் குழலாக இணைந்து விளிம்பில் பல்பல்லாகப் பிரிந்திருக்கும். பாளை வடிவைக் கண்டதும் என் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. மலர்க்குழாயின் வாயில் ஐந்து மடல்கள். உள்ளே நான்கு மகரந்தத் தாள்கள். அவற்றுக்கு மேல் குடை பிடித்தாற்போல் சதைப்பற்றான வெளிர்மஞ்சள் சூல்முடி. மம்மட்டியால் மண்ணைப் பெயர்த்து நீரில் அலசியபோது, புல்லின் வேரைப் பற்றிக்கொண்டிருந்த அதன் அடிப்பகுதியும் தெரிந்தது. களவுப் பொருளோடு கள்வனைக் கண்ட காவலன்போல் எழுந்து நின்றேன்.

ஈஜினீஷியா இண்டிகா என்பது அதன் நாமதேயம். ஏழாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர் ஈஜினாவின் பவுலின் ஞாபகமாக அமைந்த பெயர் அது. 1753இல் லின்னேயஸ் இட்டது. ஜப்பானியரோ, குனிந்த தலையைக் கண்டு, ஏதோ சிந்தனையில் ஆழ்ந்திருப்பதாக எண்ணி ‘நினைவுப் புல்’ என்ற பொருளில் இதை அழைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்கென்னவோ, பிறர் சொத்தில் வாழ்கிற கூச்சம்போல்தான் பட்டது.

இவ்வளவும் தேர்ந்து தெளிந்த பின்னர், கொச்சியின் டச்சுத் தலைவராயிருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ நூலில், இதே பூ மலையாள நாட்டார் வழங்கிய பெயரோடு ஏற்கெனவே இடம்பெற்றிருப்பதை அறிந்தேன். லத்தீன் எழுத்தில் சிதைந்து நிற்கும் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தால் ‘செம் குமுளு’ என்று ஒலிக்கிறது. சிவந்த குமிள் என்றுதான் நான் பொருள் கொள்கிறேன். பாஷா பண்டிதர்கள் வேறு சொல்லக்கூடும்.

புத்தகத்துக்குள் வைத்து அழுத்திய பூ, இந்தக் குடும்பத்தின் சுபாவப்படி, ஒரு வாரத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“குமிள் காஞ்சா கறுக்கத்தானே செய்யும்” என்று சொல்லிவிட்டு, அவர் மாட்டுக்குப் புல் போடப் போனார்.