மழையும் பழைய புல்லட்டும்

ஐப்பசி பிறந்தாச்சு. நெய்வேலியில் பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இனி மார்கழி வரை வானத்தையும் பாயிண்ட்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியதுதான்.

நம்முடையது பிளாட்டினம் பாயிண்ட் காலத்து 350. காலையில் கிளம்பாவிட்டால் எல்லோரும் பிளக்கைத்தான் திட்டுவார்கள். மழைநாளில் பாதி நேரம் குற்றவாளி, பாயிண்ட் மூடிக்குள் பூத்திருக்கும் ஈரம். கழற்றித் துடைத்து, உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அப்புறமும் அடம்பிடித்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு பிளக் வயரைக் கவனியுங்கள். ரப்பர் வெடித்த இடத்தில் நீலப்பொறி கசிவது கண்ணுக்கே தெரியும். வயரையும் கேப்பையும் மாற்றிவிடுங்கள்.

மந்தாரக்குப்பம் பக்கம் போய்வந்தால் செயினில் கரித்தூளும் சேறும் சாந்து மாதிரி அப்பிக்கொள்ளும். அதன்மேலேயே ஆயில் விடுவது வீண். டீசலில் கழுவி, காயவிட்டு, பிறகு 90 நம்பர் ஆயில்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கும். டேங்க் மூடி வாஷர் தேய்ந்த வண்டிக்கு இது பெரிய தலைவலி. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதைக் கண்ணாடி டம்ளரில் வடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் விஷயம் புரிந்துவிடும்.

டிரம் பிரேக் நனைந்தால் பிடிக்காது. லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். அந்தப் பரிசோதனையை ஆளில்லாத பிளாக் தெருவில் செய்யுங்கள் சாமி, ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஆர்ச் கேட்டில் வேண்டாம்.